பார்த்துக்கிறவங்களுக்கும் ஒரு முறை

மூணு மாசமா நான் இங்க எதுவும் எழுதலை. சம்பா அறுப்பு முடிஞ்சுதா, கடலை போட்டாச்சான்னு சில பேர் கேட்டிருந்தீங்க. அறுப்பு முடிஞ்சது, வைக்கோலைப் போர் போட்டாச்சு, கடலையும் முளைச்சு வந்திருக்கு. ஆனா இன்னைக்கு வயலைப் பத்தி எழுதப் போறதில்லை. வீட்டுக்குள்ள நடக்கிற, கூலி இல்லாத ஒரு வேலையைப் பத்தியும், அந்த வேலை பாக்கிறவங்களுக்கு நம்ம ஊராட்சி என்ன செய்ய முடியும்ங்கிறதைப் பத்தியும் எழுதணும்னு ரொம்ப நாளா மனசுல இருக்கு.

புதுசா படிக்கிறவங்களுக்காகச் சொல்லிடறேன். எங்க ஊர் புதுக்கோட்டை மாவட்டத்துல ஒரு கண்மாய்ப் பாசன ஊர். எனக்கு ரெண்டரை ஏக்கர், ஒரு கறவை மாடு, நாலு ஆடு. பிள்ளைங்க ரெண்டு பேரும் வெளியூர்ல வேலை பாக்கிறாங்க. வீட்டுல நானும் என் மனைவியும் ஆத்தாவும்தான். ஆத்தாவுக்கு வயசு 81. நாலு வருஷத்துக்கு முன்னாடி மாட்டுத் தொட்டிக்குத் தண்ணி ஊத்தப் போன இடத்துல வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிஞ்சுபோச்சு. ஆபரேஷன் பண்ணியும் எழுந்து நடக்கலை. அன்னையில இருந்து படுக்கைதான். பேச்சு நல்லா இருக்கு, நெனவும் இருக்கு. ராத்திரியில மட்டும் சில சமயம், செத்துப்போன எங்க அப்பாவைக் கூப்பிட்டு, மாட்டுக்குத் தண்ணி காட்டியாச்சான்னு கேக்கும்.

படுத்த படுக்கையா இருக்கிற ஒருத்தரைப் பாத்துக்கிறதுன்னா என்னென்ன வேலைன்னு பட்டணத்துல இருக்கிற நிறையப் பேருக்குத் தெரிஞ்சிருக்கும். தெரியாதவங்களுக்காக எங்க வீட்டுக் கணக்கைச் சொல்றேன். காலையில நாலரைக்கு எழுந்து ஈரத்துணி மாத்தணும். உடம்பைத் துடைச்சு, இடுப்பு, குதிகால், முதுகுத்தண்டோட அடி, இந்த மூணு இடத்தையும் சிவந்திருக்கான்னு பாக்கணும். சிவந்திருந்தா அது படுக்கைப்புண்ணுக்கு ஆரம்பம். ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை ஒருக்களிச்சுத் திருப்பிப் படுக்க வைக்கணும். சோத்தைக் குழைச்சு, தலையை நிமித்தி வச்சு, புரையேறாமப் பாத்து ஊட்டணும். மாத்திரை, தண்ணி, பேச்சுத்துணை. பகல்ல என் மனைவி, ராத்திரியில நான். இதுக்கு ஞாயித்துக்கிழமை கிடையாது, தீபாவளி கிடையாது.

ஆத்தா விழறதுக்கு முன்னாடி என் மனைவி நூறு நாள் வேலைக்குப் போவா, நடவுக்குப் போவா, களை எடுக்கப் போவா. அந்த வருமானம் நாலு வருஷமா இல்லை. அவ அண்ணன் மகன் கல்யாணத்துக்குக்கூட காலையில போயி, தாலி கட்டினதும் பஸ் ஏறி வந்துட்டா.

இது எங்க வீட்டுல மட்டும் இல்லை. எங்க தெருவுல நாப்பது வீடு. ஒரு நாள் நானும் மகளிர் குழுவுல இருக்கிற ஒரு தங்கச்சியும் உக்காந்து எண்ணிப் பாத்தோம். தனியா விட்டுட்டுப் போக முடியாத ஆள் இருக்கிற வீடு, எங்க வீட்டையும் சேத்து ஆறு.

மேக்கால ஒரு அக்கா. மகனுக்கு 26 வயசு, பிறந்ததுல இருந்து மூளை முடக்குவாதம். அவனைத் தூக்கித்தான் குளிக்க வைக்கணும், தூக்கித்தான் உக்கார வைக்கணும். சின்னப் பையனா இருந்தப்ப தூக்கின அதே இடுப்புதான் இன்னைக்கும் தூக்குது. அடுத்து, லாரி ஓட்டிட்டு இருந்த ஒரு அண்ணன். அவர் சம்சாரத்துக்கு மறதி நோய். கதவு திறந்திருந்தா கிளம்பி நடந்துடும். கடைக்குப் போறதுன்னாலும் வெளிய பூட்டிட்டுத்தான் போகணும். அதுக்கு ஊர்ல பேசாத பேச்சில்லை. இன்னொரு வீட்டுல எழுபது தாண்டின ரெண்டு பேர், ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிறாங்க. அதுல யார் நோயாளின்னு நமக்கே சொல்ல முடியாது. ஒரு வீட்டுல மாமியாருக்குப் பக்கவாதம், மருமக ரெண்டு சின்னப் பிள்ளைங்களோட பாத்துக்குது. புருஷன் சிங்கப்பூர்ல. மாசாமாசம் பணம் வருது. அந்தப் பொண்ணு என்கிட்ட சொன்னது இதுதான்: "காசு வருது மாமா, ஆளு வரலை."

ஆறாவது வீட்டுலதான் எனக்கு மனசு நிக்கலை. அப்பா இல்லை. அம்மா நூல் மில்லுல ஷிப்ட் வேலை. அப்பத்தா படுக்கையில. பாத்துக்கிறது பத்தாவது படிக்கிற பொண்ணு. அம்மாவுக்குப் பகல் ஷிப்ட் வந்தா அந்த வாரம் அதுக்குப் பள்ளிக்கூடம் பாதி நாள்தான்.

2019-ல மத்திய அரசு ஒரு கணக்கெடுப்பு எடுத்துச்சு. ஒரு மனுஷன் ஒரு நாளை எப்படிச் செலவழிக்கிறான்னு. வீட்டுல குழந்தைங்க, வயசானவங்க, நோயாளிங்களைச் சம்பளம் இல்லாமப் பாத்துக்கிற வேலைக்கு, அதைச் செய்யுற பொம்பளைங்க ஒரு நாளைக்கு 134 நிமிஷம் குடுக்கிறாங்க, ஆம்பளைங்க 76 நிமிஷம். சமையல், துணி துவைக்கிறது, வீடு கூட்டுறதெல்லாம் இதுல சேராது. அதுக்குத் தனிக் கணக்கு, அது இதைவிட அதிகம். இது நாடு முழுக்க எடுத்த சராசரி. படுக்கை நோயாளி இருக்கிற வீட்டுல நிமிஷக் கணக்கு எதுவும் உதவாது. நாள் முழுக்க அதே வேலைதான்.

அரசாங்கம் ஒண்ணுமே செய்யலைன்னு நான் சொல்ல வரலை. முதியோர் உதவித்தொகை 1200 ரூபாய் ஆத்தாவுக்கு வருது. கடுமையாப் பாதிக்கப்பட்ட மாற்றுத்திறனாளிகளுக்குப் பராமரிப்பு உதவித்தொகைன்னு மாசம் 2000 ரூபாய் உண்டு. மேக்கால வீட்டு அக்கா மகனுக்கு வருது. 2021 ஆகஸ்ட்டுல கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவம் எங்க ஊருக்கும் வருது. பிரஷர் மாத்திரை, சுகர் மாத்திரை வாசலுக்கு வருது. பிசியோதெரபி பாக்கிற தம்பியும் வண்டியில வந்துட்டுப் போகும். எல்லாம் நல்ல காரியம். ஆனா இது எல்லாமே நோயாளியைத் தேடி வர்றது. நோயாளி பக்கத்துல தூக்கம் இல்லாம நிக்கிற ஆளை இதுல யாரும் தேடி வர்றதில்லை.

சட்டத்தையும் பாருங்க. பெத்தவங்களைப் பாத்துக்காத பிள்ளைங்க மேல மனு போட 2007-ல ஒரு சட்டம் வந்தது. பாக்காதவனைக் கூப்பிட்டுக் கேக்க வழி இருக்கு, நல்லதுதான். ஒழுங்காப் பாத்துக்கிறவங்களைக் கூப்பிட்டு உனக்கு என்ன வேணும்னு கேக்க அதுல வழி கிடையாது. 2016-ல வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல 24-வது பிரிவு, அதிக ஆதரவு தேவைப்படுறவங்களுக்குப் பராமரிப்பாளர் படி குடுக்கணும்னு சொல்லுது. ஆனா வயசாகி இடுப்பு ஒடிஞ்சு கிடக்கிறவங்க நிறையப் பேர் கையில மாற்றுத்திறனாளி அட்டையே இருக்காது.

சரி, பாத்துக்கிறவங்களுக்கு என்னதான் வேணும்? ஆறு வீட்டுலயும் கேட்டோம். பணம்னுதான் முதல்ல சொல்லுவாங்கன்னு அந்தத் தங்கச்சி நினைச்சுச்சு. ரெண்டு வீட்டுலதான் பணம்னு முதல்ல சொன்னாங்க. மத்தவங்க கேட்டது ரெண்டு மணி நேரம், மூணு மணி நேரம். "பேங்க் போயிட்டு வரணும், யாராவது உக்காந்தாப் போதும்." "எனக்கே பல்லு வலி ஆறு மாசமா, ஆஸ்பத்திரி போக முடியலை." லாரி அண்ணன் சொன்னது: "ஒரு நாளு மத்தியானம் கதவைத் தொறந்து வச்சுட்டுத் தூங்கணும்டா."

விவசாயிக்கு இது புரியாத விஷயமில்லை. கண்மாயில தண்ணி குறைஞ்சா முறை வைப்போம். இன்னாருக்கு இத்தனை மணியில இருந்து இத்தனை மணி வரைக்கும்னு. ஒரே ஆள் ராப்பகலா மடையில நின்னா செத்துப்போவான்னு எல்லாருக்கும் தெரியும். அதனாலதான் முறை. வீட்டுக்குள்ள நடக்கிற இந்த வேலைக்கு மட்டும் முறை இல்லை. ஒரு பொம்பளை பத்து வருஷம் ஒரே மடையில நிக்கிறா.

இந்த முறையை யார் வைக்கலாம்? சென்னையில இருக்கிற துறையால பணம் அனுப்ப முடியும், மாத்திரை அனுப்ப முடியும். எந்த வீட்டுல யார் ரெண்டு நாளாத் தூங்கலைன்னு அதுக்குத் தெரியாது. அது தெரியிற தூரத்துல இருக்கிற அரசாங்கம் ஊராட்சி ஒண்ணுதான். அதனால 2024 அக்டோபர் 2 கிராம சபைக்கு நான் இதை எழுதி எடுத்துட்டுப் போனேன்.

கிராம சபை தெரியாதவங்களுக்கு: அந்த ஊராட்சி வாக்காளர் பட்டியல்ல பேர் இருக்கிற எல்லாரும் அதுல உறுப்பினர். எங்க ஊராட்சி அளவுக்கு 100 பேர் வந்தாத்தான் குறைவெண் வரம்பு சரியாகும், தீர்மானம் செல்லும். அடுத்த வருஷத்துக்கான கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டத்துக்கு என்னென்ன வேணும்னு அங்க சொல்லலாம். அன்னைக்கு வரவு செலவு வாசிச்சாங்க. குடிதண்ணிக் குழாய், டெங்கு, தெருவிளக்கு, மயானப் பாதை பேசினாங்க. நான் சுத்திப் பாத்தேன். எங்க தெருவோட ஆறு வீட்டுல இருந்து வந்தது நான் ஒருத்தன்தான். என் மனைவி வீட்டுல இருந்ததாலதான் நானும் வர முடிஞ்சது. மத்தவங்க எப்படி வருவாங்க? வீட்டை விட்டு நகர முடியாதவங்களோட குறையை, வீட்டை விட்டு வந்தாத்தான் சொல்ல முடியும். திட்டத்துல இந்த வேலை ஏறாம இருக்கிறதுக்கு இதுதான் முதல் காரணம்னு எனக்குப் படுது.

எழுந்து சொன்னேன். சிலர் சிரிச்சாங்க. "உங்க ஆத்தாளை நீங்க பாக்கிறதுக்கு ஊராட்சி என்னய்யா பண்ணும்?"ன்னு ஒருத்தர் கேட்டார். ஊராட்சிச் செயலாளர் நல்ல மனுஷன். "அண்ணே, ரோடுன்னா தலைப்பு இருக்கு, மோட்டார்னா தலைப்பு இருக்கு. இதுக்குத் தலைப்பு இல்லையேண்ணே"ன்னார்.

தலைப்பு இருக்கு. அதைத்தான் படிச்சுட்டுப் போயிருந்தேன். அரசியல் சட்டத்தோட 11-வது அட்டவணையில ஊராட்சிகளுக்குக் குடுக்கலாம்னு 29 விஷயம் இருக்கு. சாலை, குடிநீர், விவசாயத்தோட, சுகாதாரமும் இருக்கு, மாற்றுத்திறனாளிகள் நலன் உட்பட சமூக நலனும் இருக்கு. அது 26-வதா வருது. வளர்ச்சித் திட்டம் தயாரிக்கிறதுக்குச் சொல்லியிருக்கிற ஒன்பது தலைப்புல, நலமான ஊராட்சி, சமூகப் பாதுகாப்புள்ள ஊராட்சி, மகளிருக்கு உகந்த ஊராட்சின்னு மூணு இருக்கு. மகளிர் குழுக்கள் எழுதுற கிராம வறுமைக் குறைப்புத் திட்டமும் இதோட சேரணும். ஆக, எழுத இடம் இருக்கு. இதுவரைக்கும் யாரும் எழுதலை, அவ்வளவுதான்.

வீட்டுல ஒருத்தரைப் பாத்துக்கிறது வேலையான்னு கேட்டவருக்கும் பதில் வச்சிருந்தேன். 2005-ல வந்த நூறு நாள் வேலைச் சட்டத்துல ஒரு விதி இருந்தது. வேலைக்கு வர்ற பொம்பளைங்களோட சின்னக் குழந்தைங்க அஞ்சு பேரோ அதுக்கு மேலயோ இருந்தா, அந்தக் குழந்தைங்களைப் பாத்துக்க ஒரு பொம்பளையை விடணும், அவங்களுக்கும் அதே கூலி. மண்ணு வெட்டுறதும் பிள்ளை பாக்கிறதும் ஒரே கூலி வேலைன்னு சட்டமே ஒத்துக்கிட்டிருந்தது. பிள்ளையைப் பாத்தா வேலை, ஆத்தாளைப் பாத்தா வேலை இல்லையா?

நாங்க கேட்டது நாலே நாலு. ஒண்ணு, ஊராட்சி முழுக்க இப்படி எத்தனை வீடு, பாத்துக்கிறது யார்னு ஒரு பட்டியல். நோயாளி பேரு மட்டும் இல்லை, பாத்துக்கிறவங்க பேரும். ரெண்டு, காத்துப் படுக்கை, சக்கர நாற்காலி, கழிப்பறை நாற்காலி, வாக்கர், இதெல்லாம் ஊராட்சியில வாங்கி வச்சு, வேணுங்கிறவங்களுக்கு இரவல் குடுத்துத் திரும்ப வாங்கிக்கிறது. ஒருத்தர் காலமானதும் அவர் நாற்காலி திண்ணையில துருப்பிடிச்சுக் கிடக்கு, அடுத்த தெருவுல ஒருத்தர் அதையே புதுசா வாங்கக் கடன் கேக்கிறார். மூணு, நோயாளியைத் தூக்குறது, திருப்புறது, ஊட்டுறது எப்படின்னு பாத்துக்கிறவங்களுக்கு மூணு மாசத்துக்கு ஒரு நாள் பயிற்சி. நாலு, வாரத்துக்கு அரை நாள் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு மாத்து ஆள். மகளிர் குழுவுல இருந்து பயிற்சி குடுத்த ஆள். கூலியோட.

நாலாவதுக்கு எங்க தெருக் கணக்கைப் போட்டுக் காட்டினேன். ஆறு வீட்டுக்கு வாரம் அரை நாள்னா மொத்தம் மூணு நாள் வேலை. அந்த வருஷம் தமிழ்நாட்டுல நூறு நாள் வேலைக்கு அரசாங்கம் வச்ச கூலி 319 ரூபாய். மூணு நாளைக்கு 957. வருஷத்துக்கு 52 வாரம்னா 49,764 ரூபாய். ஒரு உயர்கோபுர விளக்கு நிறுத்துற செலவுல எங்க தெருவுக்கு இதைப் பல வருஷம் நடத்தலாம். விளக்கு வேண்டாம்னு சொல்லலை. விளக்குக்குக் கீழ வந்து நிக்க முடியாதவங்களும் வீட்டு வரி கட்டுறாங்கன்னுதான் சொன்னேன்.

பட்டியலும் சாமானும் பயிற்சியும் தீர்மானத்துல ஏறிச்சு. தலைவரம்மா, "எங்க மாமனாரை நான் ஏழு வருஷம் பாத்தேன், எழுதுங்க"ன்னு ஒரே வார்த்தையில முடிச்சுட்டாங்க. நாலாவதுதான் மாட்டிக்கிச்சு. அன்னைக்கு இருந்த விதிப்படி மத்திய நிதிக்குழு மானியத்துல 60 சதவீதம் குடிதண்ணி, சுகாதாரம்னு கட்டிப்போட்ட பணமா இருந்தது. மீதி 40 சதவீதம் ஊர்த் தேவைக்குச் செலவழிக்கலாம், ஆனா அதுல சம்பளம் குடுக்கக் கூடாதுன்னு விதி இருந்தது. அப்ப ஊராட்சியோட சொந்த வருமானத்துல இருந்துதான் குடுக்கணும். எங்க மாதிரி ஊராட்சியில அது வீட்டு வரி, தண்ணி வரி, மரம் குத்தகை, அவ்வளவுதான். "மேல கேட்டுச் சொல்றோம்"னு எழுதினாங்க.

சிமெண்டு வாங்கினா ஒத்துக்கிற கணக்கு, ஆள் வந்து உக்காந்தா ஒத்துக்க மாட்டேங்குது. பக்கத்துல கேரளாவுல இதுக்கு ஒரு வழி கண்டுபிடிச்சாங்க. 2008-ல அந்த அரசாங்கம் வலி தணிப்புச் சிகிச்சைக்குன்னு ஒரு கொள்கை வெளியிட்டுச்சு. அதுக்கு முன்னாடியே மலப்புரம் பக்கம் ஊர் ஜனங்களே காசு போட்டு, பயிற்சி எடுத்து, படுக்கை நோயாளிங்க வீட்டுக்குப் போயிட்டு வந்துட்டு இருந்தாங்க. அதைப் பாத்து ஒவ்வொரு பஞ்சாயத்தும் தன் திட்டத்துல பணம் ஒதுக்கி, ஒரு செவிலியரை வச்சு, வண்டி குடுத்து வீடு வீடா அனுப்புது. ஆஸ்வாசகிரணம்னு ஒரு திட்டத்துல, படுத்த படுக்கையா இருக்கிறவங்களை முழு நேரமும் பாத்துக்கிறவங்களுக்கு மாசம் 600 ரூபாய். தொகை சின்னது. ஒழுங்கா வர்றதில்லைன்னு அங்கயும் புகார் இருக்கு. இருந்தாலும் பாத்துக்கிறவங்க பேரு ஒரு அரசாங்கப் பட்டியல்ல இருக்கு பாருங்க, அது பெரிய விஷயம்.

தீர்மானம் ஏறினதோட நாங்க சும்மா இருக்கலை. எங்க தெருவுல நாங்களே முறை வச்சோம். புதன்கிழமை மத்தியானம் ரெண்டு மணியில இருந்து அஞ்சு மணி வரைக்கும், ஏழு பேர். அதுல மூணு பேர் ஆம்பளைங்க. பிசியோதெரபி தம்பி வந்து, விரிப்பைச் சுருட்டிப் பிடிச்சு ரெண்டு பேராத் திருப்பினா இடுப்பு வலிக்காதுன்னு செஞ்சு காட்டிட்டுப் போனார். முதல் புதன்கிழமை எங்க வீட்டுக்கு முறை வந்தப்ப, என் மனைவி கோயிலுக்குப் போவா, இல்லைன்னா அவ அண்ணன் வீட்டுக்குப் போவான்னு நினைச்சேன். கூடத்துல பாயை விரிச்சுப் படுத்தவ மூணு மணி நேரமும் தூங்கினா. எழுந்து முதல்ல கேட்டது, "அயித்தையைத் திருப்பிப் படுக்க வச்சாங்களா?"

ரெண்டு மாசம் நல்லா நடந்தது. தை பொறந்து அறுப்பு வந்தது. மிஷின் வர்ற நாள் நம்ம கையில இல்லை, நெல்லைக் காய வைக்கணும், மூட்டை பிடிக்கணும். மூணு வாரம் யாரும் முறைக்கு வர முடியலை. அந்த மூணு வாரத்துலதான் பத்தாவது படிக்கிற பொண்ணுக்குத் திருப்புதல் தேர்வு. அவங்க அம்மாவுக்குப் பகல் ஷிப்ட். ரெண்டு பரீட்சை எழுதலை. மனசு இருந்தாப் போதும்னு சொல்றவங்களுக்கு இதைத்தான் சொல்லுவேன். முறைக்கு வந்த ஏழு பேருக்கும் மனசு இருந்தது. கூலி குடுத்து ஒரு ஆள் இருந்திருந்தா, அறுப்பு வந்தாலும் மழை வந்தாலும் அது நின்னிருக்காது.

இன்னொரு விஷயமும் இருக்கு. நாங்க வச்ச முறை எங்க தெருவுக்குள்ளதான். காலனித் தெருவுலயும் படுக்கையில கிடக்கிறவங்க இருக்காங்க, பாத்துக்கிறவங்க இருக்காங்க. அங்க ஒரு நாள் கூலி போனா அடுப்பு எரியாது. அக்கம்பக்கம், சொந்தபந்தம்னு விட்டா எங்க ஊர்ல உதவி சாதியைத் தாண்டிப் போகாது. ஊராட்சி வச்ச ஆள், ஊராட்சிக் கூலின்னா எல்லாத் தெருவுக்கும் போய்த்தான் ஆகணும். இதை ஊராட்சிதான் செய்யணும்னு நான் ஒத்தக் கால்ல நிக்கிறதுக்கு இதுவும் ஒரு காரணம்.

2025 ஜனவரி 5-ஓட எங்க மாவட்டத்துல ஊராட்சித் தலைவர்கள் பதவிக்காலம் முடிஞ்சுபோச்சு. அதுக்கப்புறம் தனி அலுவலர் பொறுப்புக்கு வந்தார். ஜனவரி 26 கிராம சபையில கேட்டேன். தீர்மானம் திட்டத்துல ஏறியிருக்கு, நிதி வந்ததும் பாப்போம்னாங்க. பட்டியல் எடுக்கிற வேலைக்கு நிதி வேண்டாமேன்னு சொன்னேன். மகளிர் குழுத் தங்கச்சிங்க நாங்களே எடுத்துத் தர்றோம்னு சொல்லியிருக்காங்க. ரெண்டு தெரு முடிஞ்சிருக்கு. மாத்து ஆளுக்கு மேல இருந்து இன்னும் பதில் வரலை. மார்ச் கடைசியில பத்தாவது பொதுத்தேர்வு. அந்த நாளுங்களுக்கு அப்பத்தாகிட்ட யார் யார் இருக்கிறதுன்னு இப்பவே பேர் எழுதி வச்சிருக்கோம். கடலைக்குக் களை எடுக்கிற வேலை வந்தாலும் அதை மாத்துறதில்லைன்னு பேச்சு.

இப்ப உங்களுக்கு வர்றேன். இதைப் படிக்கிற நிறையப் பேரோட அப்பா அம்மா ஏதோ ஒரு ஊர்ல இருக்காங்க. அவங்களை ஒரு மதினியோ, அக்காவோ, கல்யாணம் ஆகாத தங்கச்சியோ பாத்துக்கிட்டிருக்கும். நீங்க பணம் அனுப்புறீங்க, அதுல குறை சொல்ல எனக்கு ஒண்ணும் இல்லை. உங்களால ரெண்டு காரியம் செய்ய முடியும்.

உங்க ஊராட்சி அடுத்த வருஷத்துக்கு என்ன திட்டம் போட்டிருக்குன்னு இ-கிராம் ஸ்வராஜ் இணையதளத்துல யார் வேணும்னாலும் பாக்கலாம். மாவட்டம், ஒன்றியம், ஊராட்சி பேரைக் குடுத்தா வந்துடும். அதுல ரோடும் வாய்க்காலும் தவிர, பாத்துக்கிறவங்களுக்குன்னு ஒரு வரி இருக்கான்னு பாருங்க. இல்லைன்னா, நாங்க கேட்ட அந்த நாலையும் ஒரு தாள்ல எழுதி ஊருக்கு அனுப்புங்க. சொல்லத் தெரியாம இருக்கிறவங்களுக்கு அது கையில ஒரு பிடி.

ரெண்டாவது இன்னும் சுலபம். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, இந்த நாலு நாளும் கிராம சபை. நாலும் உங்களுக்கு விடுமுறை நாள். அதுல ஒரு நாள் ஊருக்குப் போங்க. ஈரத்துணி எங்க இருக்கு, மாத்திரை எத்தனை மணிக்கு, எந்தப் பக்கம் திருப்பிப் படுக்க வைக்கணும்னு உங்க மதினிகிட்ட கேட்டுத் தெரிஞ்சுக்கங்க. அப்புறம் நீங்க கட்டில் பக்கத்துல உக்காந்துக்கிட்டு, மூணு மணி நேரம் அவங்களைக் கிராம சபைக்கு அனுப்பி வைங்க. அங்க எழுந்து நின்னு என்ன கேக்கணும்ங்கிறது உங்களையும் என்னையும்விட அவங்களுக்கு நல்லாத் தெரியும்.